குடும்பப் பெயர் இல்லாத நமக்கு ஓர்கிட் எண்

நான்கு வருடமாக ஓர்கிட் (ORCID) எண் வைத்திருக்கிறேன். ஓர் ஆய்வாளரின் பெயர் எப்படி அச்சானாலும் அவரை அடையாளம் காட்டும் எண் அது. அதற்காக ஒரு ரிங்கிட்கூடக் கட்டியதில்லை. இத்தனை நாள் கழித்து இப்போது அதைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு தமிழ்ப் பெண் வந்து சேர்ந்தாள், முதுகலை மாணவி. தன் முதல் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப உட்கார்ந்தவள், பாதியில் எழுந்து என் மேசைக்கு வந்து, "அக்கா, லாஸ்ட் நேம்னு கேக்குது, என்ன போடறது?" என்றாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே கட்டத்தின் முன்னால் நானும் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. தோன்றியதைப் போட்டேன். அதற்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வு செய்கிறேன். நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரகம் எந்தக் கட்டத்தில் பழுதாகத் தொடங்குகிறது என்பதுதான் என் வேலை. ஒரு நாளில் பாதி இரத்த, சிறுநீர் மாதிரிகளோடும் மீதி கணினியோடும் போகும்.

மலேசியத் தமிழர்களுக்கு நம் பெயர்க் கதையை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், முதலில் சொந்தப் பெயர் வரும். அடுத்து ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. மலாய் மொழியில் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், அதாவது மகன், மகள். அதன்பின் அப்பா பெயர். கல்யாணம் ஆனாலும் இது மாறாது. இதில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையவே கிடையாது. என் அப்பா பெயர் முனுசாமி, அது அவருடைய சொந்தப் பெயர். அவருக்கு முன்னால் யாரும் அதை வைத்திருக்கவில்லை, எனக்குப் பின்னால் என் பிள்ளைகளுக்கும் அது போகாது.

உலக ஆய்விதழ்களோ கடைசியில் நிற்கும் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முன்னால் இருப்பதை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடும். அதனால் என் முதல் கட்டுரையில் நான் "முனுசாமி டி." ஆனேன். இரண்டாவது கட்டுரையை அனுப்பியவர் என்னுடைய மூத்த ஆய்வாளர். அவர் ஐசியில் இருந்தபடியே எழுதிக் கொடுக்க, ஏ/பி என்பதையும் இரண்டு முதலெழுத்து என்று நினைத்து "முனுசாமி டி.ஏ.பி." என்று அச்சிட்டுவிட்டார்கள். மூன்றாவதில் தமிழ்நாட்டு வழக்கப்படி அப்பா எழுத்தை மட்டும் வைத்து என் பெயரை முழுதாகக் கொடுத்தேன், என் பெயர் நின்றது, அப்பா ஓர் எழுத்தானார். அப்புறம் ஒன்றில் "ஏ.பி. முனுசாமி" என்பதே குடும்பப் பெயரானது. இப்படி பதினொரு கட்டுரைகளுக்குள் நான்கு ஆட்களாகிவிட்டேன்.

இதில் முதலில் எனக்கு வருத்தமே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பா சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். தமிழ் நன்றாகப் படிப்பார், மலாய் எழுதும் ரூமி எழுத்தை, அதாவது ஆங்கில எழுத்தை, விரல் வைத்துத்தான் படிப்பார். முதல் கட்டுரை வந்த அன்று அச்செடுத்துக் கொண்டு போய்க் கொடுத்தேன். தலைப்பை விட்டுவிட்டு நேராக ஆசிரியர் வரிசைக்குப் போய் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். "என் பேரா போட்டிருக்கான்?" என்று கேட்டார். அந்தத் தாள் இன்னும் சாமி மேடைக்குக் கீழே உள்ள அலமாரியில் இருக்கிறது. ஆகவே அப்பா பெயர் முன்னால் நிற்பது எனக்கு ஒரு குறையே இல்லை. நான்கு விதமாக நின்றதுதான் குறை.

அது எப்போது தெரிந்தது என்றால், பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது. அலுவலகத்தில் ஒருவர் ஒரு தரவுத்தளத்தைத் திறந்து "முனுசாமி டி." என்று தட்டி, முதலில் வந்த பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டார். அதில் என் கட்டுரைகள் ஆறுதான் இருந்தன. கூடவே செம்பனை ஆலைக் கழிவுநீர் பற்றிய கட்டுரை ஒன்றும் இருந்தது. அது என்னுடையது இல்லை, வேறொரு முனுசாமி டி. எழுதியது. மீதி ஐந்து கட்டுரைகள் என் சொந்தப் பெயரில் இன்னொரு பக்கத்தில் கிடந்தன, யாரும் தேடவில்லை.

இங்கே ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மேற்கோளை வைத்து அளக்கும் எச்-இண்டெக்ஸ் என்ற கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர் உடைந்தால் எது உடைகிறது என்பது அதில்தான் தெரியும். 2005-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்தது இது. ஒருவருடைய கட்டுரைகளை, மற்றவர்கள் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். ஆறாவது கட்டுரைக்குக் குறைந்தது 6 மேற்கோள் இருந்து, ஏழாவதற்கு 7 இல்லையென்றால், உங்கள் எச்-இண்டெக்ஸ் 6. அவ்வளவுதான்.

அப்போது என் பதினொரு கட்டுரைகளின் மேற்கோள் எண்ணிக்கை இது: 64, 31, 18, 12, 9, 7, 6, 4, 2, 1, 0. மொத்தம் 154. ஆறாவதற்கு 7 இருக்கிறது, ஏழாவதற்கு 6 தான். ஆக, எச்-இண்டெக்ஸ் 6. ஆனால் அப்பா பெயரில் இருந்த பக்கத்தில் கழிவுநீரைக் கழித்துவிட்டால் 64, 18, 9, 6, 4, 1. அதற்கு எச்-இண்டெக்ஸ் 4. என் பெயரில் இருந்த பக்கத்தில் 31, 12, 7, 2, 0. அதற்கு 3. நாலையும் மூன்றையும் கூட்டி ஏழு என்றும் சொல்ல முடியாது, பெரியதை எடுத்துக்கொண்டு நாலு என்றும் சொல்ல முடியாது. உண்மையான விடை ஆறு. எல்லாக் கட்டுரையும் ஒரே இடத்தில் இருந்தால் தவிர அந்த ஆறு யார் கண்ணுக்கும் தெரியாது. கோப்பில் ஏறியது 4. அந்த வருடம் கிடைக்கவில்லை. திருத்தி மறுபடி விண்ணப்பித்துக் கிடைக்க இரண்டு வருடம் ஆனது.

அந்தத் திருத்தத்துக்கு நடுவில்தான் நூலகத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணன், "முதல்ல ஒரு ஓர்கிட் எடுங்க டாக்டர், அப்புறம் மத்ததைப் பாக்கலாம்" என்றார். இங்கே ஓர்கிட் என்றால் பூ. நானும் பூவைத்தான் நினைத்தேன்.

இது ஆய்வாளர்களுக்கான அடையாள எண். இலாப நோக்கம் இல்லாத அமைப்பு ஒன்று 2012 அக்டோபரிலிருந்து இதை நடத்துகிறது. பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் உறுப்பினர் கட்டணம் கட்டுகின்றன, ஆய்வாளருக்கு எப்போதும் இலவசம். நான்கு நான்காகப் பிரித்த பதினாறு இலக்கம். ஐசி எண் மாதிரி அதில் பிறந்த தேதியோ பிறந்த மாநிலமோ ஒளிந்திருக்காது, உங்களைப் பற்றி அந்த எண் எதையும் சொல்லாது. கடைசி இலக்கம் மட்டும் சரிபார்ப்பு இலக்கம். முந்தைய பதினைந்தையும் வரிசையாகக் கூட்டி இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் 11-ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து அதை எடுக்கிறார்கள். நடுவில் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் அது பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். விடை பத்து என்று வந்தால் எக்ஸ் போடுவார்கள், அதனால் சிலருடைய எண் எக்ஸில் முடியும்.

பதிவு செய்யும் பக்கத்தில்தான் எனக்கு இந்தச் சேவை மேல் மதிப்பு வந்தது. முதல் பெயர் கட்டாயம். குடும்பப் பெயர் கட்டாயம் இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் விமானச் சீட்டில் தொடங்கி மாநாட்டுக் கழுத்தட்டை வரைக்கும் எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறேன், சிவப்பு நட்சத்திரம் போட்டு "இது இல்லாமல் மேலே போக முடியாது" என்று சொல்லாத படிவத்தை நான் அன்றுதான் பார்த்தேன். குடும்பப் பெயர் இல்லாத மனிதர்களும் ஆய்வு செய்வார்கள் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அடுத்து, கட்டுரைகளில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்பதற்குத் தனிக் கட்டம். அதற்கும் கீழே, வேறு என்னென்ன பெயர்களில் அறியப்படுகிறீர்கள் என்று எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கும் இடம். அங்கே என் நான்கு உருவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். டி.ஏ.பி.யையும் விடவில்லை. ஐந்தாவதாகத் தமிழ் எழுத்தில் என் பெயரை எழுதினேன், மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. பதினொரு கட்டுரையில் ஒன்றில்கூட இல்லாத உருவம் அது.

கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தட்டத் தேவையில்லை. ஸ்கோபஸ், கிராஸ்ரெஃப், யூரோப் பிஎம்சி போன்ற கட்டுரைத் தரவுத்தளங்களிலிருந்து தேடி இழுத்துக்கொள்ளலாம். எனக்கு ஒன்பது கட்டுரைகள் ஒரு மாலையில் வந்து சேர்ந்தன. அப்புறம் அந்தப் பக்கத்தைக் காட்டி, என் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கச் சொல்லித் தரவுத்தளத்துக்கு எழுதினேன். முன்பு எழுதிய போதெல்லாம் "இரண்டும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்" என்று வந்தது. இந்த முறை கேள்வி வரவில்லை, மூன்று வாரத்தில் ஒன்றாக்கிவிட்டார்கள். கழிவுநீரும் அதன் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

இப்போது கட்டுரை அனுப்பும்போது பச்சை வட்டத்துக்குள் ஐடி என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் ஓர்கிட் பக்கம் திறக்கும், உள்ளே நுழைந்து ஒப்புதல் கொடுத்தால் எண் தானாக ஆய்விதழுக்குப் போய்விடும். கட்டுரை வெளியானதும் பதிப்பகம் அந்த எண்ணையும் சேர்த்து கிராஸ்ரெஃபில் பதியும். முதல் முறை மட்டும் "உங்கள் பக்கத்தில் சேர்க்கட்டுமா" என்று கேட்டு வரும் செய்திக்குச் சரி சொல்லிவிடுங்கள், அதற்குப் பின் வெளியாகும் கட்டுரைகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நிறைய பேர் அந்தச் செய்தியைக் குப்பை மின்னஞ்சல் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். லண்டனின் ராயல் சொசைட்டி 2016 ஜனவரியிலிருந்தே தன் ஆய்விதழ்களுக்கு அனுப்புபவர்களிடம் இந்த எண்ணைக் கட்டாயமாகக் கேட்கிறது. எப்படியும் ஒரு நாள் கேட்கப் போகிறார்கள், முதல் கட்டுரையிலேயே இருந்தால் நல்லது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். ஓர்கிட் மேற்கோளை எண்ணாது. எச்-இண்டெக்ஸ் காட்டாது. பதவி உயர்வுக் குழு கேட்கும் எண்ணை எடுக்க நீங்கள் இன்னோர் இடத்துக்குத்தான் போயாக வேண்டும். நீங்களே தட்டிச் சேர்ப்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. யார் சேர்த்தது என்ற விவரம் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே இருக்கும், பார்க்கிறவர் அதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். டிஓஐ எண், அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் கொடுக்கும் நிரந்தர எண், இல்லாத கட்டுரைகள்தான் பெரிய தொல்லை. என்னுடையதில் இரண்டு அப்படி, உள்ளூர் இதழில் வந்தவை. அவை தேடலில் வரவில்லை, கையால் சேர்த்தேன். பிறகு வேறோர் இடத்திலிருந்து அவற்றில் ஒன்று மறுபடி வந்து, ஒரே கட்டுரை இரண்டு முறை நின்றது. டிஓஐ ஒன்றாக இருந்தால் அதுவே சேர்த்து அடுக்கிவிடும், இல்லாததால் நான்தான் கண்டுபிடித்து நீக்க வேண்டியிருந்தது.

கூகுள் ஸ்காலர் போதாதா என்று கேட்பார்கள். 2004-லிருந்து இருக்கிறது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். மேற்கோளைத் தாராளமாக எண்ணும், ஆய்வேட்டிலும் முன்பதிப்பிலும் (ஆய்விதழில் வருமுன் இணையத்தில் போடும் வரைவு) வந்ததைக்கூட விடாது. அதனால் அங்கே எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால் அது தேடுவதற்கான இடம். ஆய்விதழுக்கும் மானியப் படிவத்துக்கும் நீங்கள் எடுத்துக்கொண்டு போகக்கூடிய அடையாளம் அதில் இல்லை.

பெயர் சிக்கல் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதையும் இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன். 1999-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிப்பா வைரஸைக் கண்டுபிடித்த டாக்டர் சுவா காவ் பிங்கின் பெயர், சீன வழக்கப்படி குடும்பப் பெயரில் தொடங்குகிறது. மேற்கோளில் அது "சுவா கே.பி." ஆகிறது, 2000-ல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையை எவரும் உடனே எடுத்துவிடலாம். அப்பா பெயருக்கு முன்னால் "பின்" (மகன்), "பிந்தி" (மகள்) என்று போடும் மலாய் நண்பர்களுக்கு எங்கள் கதைதான். தமிழ்நாட்டுக்காரர்கள் அப்பா பெயரை முன்னால் போடுவதால் ஒரு விதத்தில் தப்பித்தார்கள். வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் என்றால் கடைசியில் நிற்பது அவருடைய சொந்தப் பெயர், நட்சத்திரங்களின் நிறைக்கு அவர் கணக்கிட்ட வரம்பை உலகம் முழுக்க "சந்திரசேகர் எல்லை" என்றே சொல்கிறார்கள். அதே பெயரை எங்கள் ஐசி முறையில் எழுதியிருந்தால் அது அவர் அப்பாவின் எல்லையாகியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. இந்த ஊரில் செய்த மருத்துவ ஆய்வுகளில் என் மனதுக்கு நெருக்கமானது பெரிபெரி என்ற சத்துக்குறை நோய் பற்றியது. 1905-ல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சயாமிலிருந்து வந்த பச்சரிசியும் இன்னொரு பகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களைத்தான் நோய் பிடித்தது. 1907-ல் லான்செட்டில் அது வெளிவந்தது. அதற்கு முன்பே இந்த மண்ணில் எல்லோர் கண்ணிலும் பட்ட விஷயம், தோட்டத்துத் தமிழர்கள் பெரிபெரியில் அவ்வளவாக விழுவதில்லை என்பது. காரணம் அவர்கள் சாப்பிட்ட புழுங்கலரிசி. நெல்லை அவித்துக் காய வைக்கும்போது, அந்த நோயைத் தடுக்கும் தயமின் (வைட்டமின் பி1) உள்ளே இறங்கித் தங்கிவிடுகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. நூலகத்தில் லான்செட்டின் பழைய இதழ்களைத் தேடினேன், "ஃபிளெட்சர் டபிள்யூ." என்று தட்டியதும் கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அவருடைய பெயர் வழி தவறவில்லை. அந்தக் காலத்துக் கட்டுரைகளில் தமிழர்கள் அரிசி சாப்பிட்டவர்களாக, பெயர் இல்லாமல் வருகிறார்கள். இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆசிரியர் வரிசையில் இருக்கிறோம். தேடினால் கிடைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு தூரம் மல்லுக்கட்டுவது அதனால்தான்.

சரி, அந்த மாணவிக்கு வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனபோது மடிக்கணினியையும் எடுத்து வரச் சொன்னேன். வாழையிலையை எடுத்த பிறகு மேசையைத் துடைத்துவிட்டுத் திறந்தோம். மின்னஞ்சல் கேட்டபோது பல்கலைக்கழக முகவரியை மட்டும் போடப் போனாள். சொந்த முகவரியையும் சேர்க்கச் சொன்னேன், படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக முகவரி மூடப்பட்டால் உள்ளே நுழைய வழி இருக்காது. யார் பார்க்கலாம் என்பதில் எல்லோரும் என்று வைக்கச் சொன்னேன். நிறைய பேர் பதிவு செய்துவிட்டு அப்படியே பூட்டி வைத்துவிடுகிறார்கள், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டுரைகள் எதுவும் தெரியாது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டாள். எண் வந்தது. என்னுடையது 0000 என்று தொடங்கும், அவளுடையது 0009. இப்போது பதிவு செய்பவர்களுக்கு அந்த வரிசைதான்.

அப்புறம் ஆய்விதழின் படிவம். அங்கே லாஸ்ட் நேம் இல்லாமல் விடாது. எதைப் போட்டாலும் சாகும் வரை அதையே போட வேண்டும், ஓர் எழுத்துகூட மாறக் கூடாது, ஏ/பி மட்டும் வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா பேரே வரட்டும் அக்கா" என்று தட்டினாள். முதல் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதினாள். பச்சைப் பொத்தானை அழுத்தி, ஒப்புதல் கொடுத்து, கட்டுரையை அனுப்பிவிட்டுத்தான் மோர் வாங்கிக் குடித்தோம்.